வரிவிலக்கு பெற்ற கண்ணீர்

2002 பிப்ரவரி 27 காலையில் கோத்ரா ரயில் நிலையத்துக்கு அருகே சபர்மதி எக்ஸ்பிரஸின் எஸ்-6 பெட்டி எரிந்தது. அயோத்தியிலிருந்து திரும்பிக்கொண்டிருந்த கரசேவகர்கள், பெண்கள், குழந்தைகள் என்று 59 பேர் அதில் கருகிச் செத்தார்கள். மறுநாள் அகமதாபாத்தில் குல்பர்க் சொசைட்டி என்ற குடியிருப்பை ஒரு கும்பல் வளைத்தது. முன்னாள் நாடாளுமன்ற உறுப்பினர் எஹ்ஸான் ஜாஃப்ரி உட்பட 69 பேர் அங்கே கொல்லப்பட்டார்கள். இரண்டும் ஒரே மாநிலத்தில், அடுத்தடுத்த நாட்களில் நடந்தவை.

இரண்டைப் பற்றியும் படங்கள் வந்தன. குல்பர்க் சொசைட்டியில் மகனைத் தொலைத்த ஒரு பார்சி குடும்பத்தின் கதையைச் சொன்ன ‘பர்ஸானியா’ 2007 ஜனவரியில் திரைக்கு வந்தது. அந்தப் பையன் நிஜத்திலும் கிடைக்கவேயில்லை. படத்தை இயக்கிய ராகுல் தொலாக்கியாவுக்கும் தாயாக நடித்த சரிகாவுக்கும் தேசிய விருது கிடைத்தது. ஆனால் கதை நடந்த குஜராத்தில் படம் ஓடவில்லை. அரசு தடை எதுவும் போடவில்லை. பஜ்ரங் தளம் என்ன செய்யுமோ என்று திரையரங்குக்காரர்களே ஒதுங்கிக்கொண்டார்கள். கோத்ராவைப் பற்றிய ‘தி சபர்மதி ரிப்போர்ட்’ 2024 நவம்பரில் வந்தபோது அதே குஜராத்தில் அதற்கு வரிவிலக்கு. மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், ஹரியானா என்று பாஜக ஆளும் மாநிலங்கள் வரிசையாக வரியைத் தள்ளின. பிரதமர் தம் அமைச்சர்களோடு நாடாளுமன்ற நூலகக் கட்டட அரங்கில் அமர்ந்து படத்தைப் பார்த்தார்.

எதிர்முகாமும் தன் பங்குக்குக் கணக்கைச் சரியாகவே வைத்திருந்தது. பர்ஸானியாவுக்காகக் கருத்துச் சுதந்திரம் பேசிய பலருக்கு சபர்மதி ரிப்போர்ட் ‘பிரச்சாரப் படம்’ என்ற ஒரே சொல்லோடு முடிந்துபோயிற்று. அது பிரச்சாரப் படமாகவே இருக்கட்டும். அந்தப் பெட்டியில் எரிந்த 59 பேர் பிரச்சாரம் இல்லையே. அவர்களுக்காக ஒரு வாக்கியம் எழுதிவிட்டு அடுத்த வாக்கியத்தில் படத்தைக் கிழித்திருந்தால் யாருக்கு என்ன குறைந்திருக்கும்?

நாடு கண்ட துயரங்களைப் படமாக எடுக்கும்போது நாம் காட்டும் கோபம், கண்ணீர், கேலி எல்லாமே கட்சிக் கொடி பார்த்து வருகின்றன. இது தவறு என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வது சுலபம். தவறு சரியாக எங்கே இருக்கிறது என்று காட்டுவதுதான் கடினம்.

‘துயரத்தில் அரசியல் பார்க்காதீர்கள்’ என்பது பெரும்பாலும் அந்தத் துயரத்தில் பங்கு உள்ளவர்கள் சொல்லும் அறிவுரை. கொலைகள் தாமாக நடப்பதில்லை. யார் ஏவினார்கள், காவல்துறை எங்கே நின்றது, எந்த அமைச்சர் தொலைபேசியை எடுக்கவில்லை என்று கேட்பதெல்லாம் அரசியல்தான். ஷோனாலி போஸ் இயக்கிய ‘அமு’ 2005 ஜனவரியில் வந்தது. 1984இல் இந்திரா காந்தி கொல்லப்பட்ட பின் டெல்லியில் நடந்த சீக்கியர் படுகொலை அதன் பொருள். அரசுக் கணக்கின்படியே டெல்லியில் மட்டும் 2,733 பேர் இறந்த நிகழ்வு அது. தணிக்கை வாரியம் படத்துக்கு ‘ஏ’ சான்றிதழ் கொடுத்தது. அரசு இயந்திரத்தின் பங்கைச் சொல்லும் வசனங்களையும் நீக்கச் சொன்னது. இயக்குநர் அந்த இடங்களில் வேறு வசனம் சேர்க்க மறுத்துவிட்டார். திரையில் விதவைப் பெண்களின் உதடுகள் அசையும், குரல் வராது. அப்போது மத்தியில் ஆண்டது காங்கிரஸ் கூட்டணி. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்தப் படுகொலைக்காகப் பிரதமர் மன்மோகன் சிங் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க முடிந்த அரசுக்கு, அந்த விதவைகள் பேசுவதைக் கேட்க முடியவில்லை.

ஆகவே அரசியல் கண்ணோடு படம் பார்ப்பது குற்றமாகாது. அப்படிப் பார்க்காதவர்தான் பாதிப் படத்தைத் தவறவிடுகிறார். குற்றம் வேறிடத்தில் இருக்கிறது. ‘அது நடந்ததா?’ என்பது ஒரு கேள்வி. ‘இந்தப் படம் அதை நேர்மையாகச் சொல்கிறதா?’ என்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டுவிடுவதில்தான் கட்சிக்காரருக்கு லாபம். ஒருவர் ‘படம் பிடிக்கவில்லை என்றால் நீ படுகொலையையே மறுக்கிறாய்’ என்கிறார். எதிரில் இருப்பவர் படத்தை மறுக்கிற வேகத்தில் படுகொலையையும் சுருக்கிவிடுகிறார். பகையாளிகள் இருவரும் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒத்துழைக்கிறார்கள்.

இதற்கு, காஷ்மீர் பள்ளத்தாக்கின் இந்துக்களான பண்டிதர்கள் வெளியேறியதைப் படமாக்கிய ‘தி காஷ்மீர் ஃபைல்ஸ்’ பட்டபாட்டைவிட நல்ல சாட்சி கிடையாது. 1989 செப்டம்பரில் ஸ்ரீநகரில் பாஜக தலைவர் டீகா லால் டப்லூ சுட்டுக் கொல்லப்பட்டார்; நவம்பரில் ஓய்வுபெற்ற நீதிபதி நீலகண்ட கஞ்சூ. 1990 ஜனவரி 19 இரவு பள்ளத்தாக்கு முழுக்க ஒலிபெருக்கிகளில் பண்டிதர்களை மிரட்டும் கோஷம். அதன்பின் பண்டிதர்கள் கூட்டம் கூட்டமாக வீட்டைப் பூட்டிவிட்டு ஜம்முவுக்கு இறங்கினார்கள். கொல்லப்பட்ட பண்டிதர்கள் 219 பேர் என்று மாநில அரசு 2010இல் சட்டமன்றத்தில் சொன்னது. பண்டிதர் அமைப்புகளின் கணக்கு இதைவிட அதிகம். பதிவுசெய்துகொண்ட குடும்பங்கள் மட்டும் 38,000க்கு மேல். அதன்பிறகும் 1998இல் வந்தாமாவில் 23 பேர், 2003இல் நாதிமார்கில் 24 பேர். இதில் மறுக்க எதுவும் இல்லை. முப்பது வருடமாக முற்போக்காளர்கள் பலர் இதைப் பேசத் தயங்கியதும் உண்மை. பேசினால் எதிர்முகாமுக்கு ஆயுதம் கிடைத்துவிடும் என்ற பயம். அந்தத் தயக்கம் ஒரு அநீதி. பின்னால் வந்த கூச்சலுக்கு வழி திறந்துவிட்டதும் அதுதான்.

2022 மார்ச் 11 அன்று படம் வந்தது. பல ஊர்களில் படம் முடிந்ததும் யாராவது எழுந்து நின்று உரையாற்றினார்கள், முழக்கம் போட்டார்கள், செல்பேசிகள் அதைப் படம்பிடித்தன. வயதான பண்டிதர்கள் இருக்கையில் உட்கார்ந்து அழுத காட்சிகளும் அதே செல்பேசிகளில் சுற்றி வந்தன. அழுதவர்களின் அழுகைக்கும் முழங்கியவர்களின் முழக்கத்துக்கும் இடையே இருந்த தூரத்தை அன்று யாரும் அளக்கவில்லை.

அழுகை நிஜம் என்பதால் படம் நேர்மையானதாகிவிடாது. விவேக் அக்னிஹோத்ரியின் படத்தில், பண்டிதர்களுக்குத் துணை நின்ற முஸ்லிம்களுக்கோ தீவிரவாதிகளாலேயே கொல்லப்பட்ட முஸ்லிம்களுக்கோ இடம் இல்லை. காஷ்மீர் பல்கலைக்கழகத் துணைவேந்தர் முஷீர்-உல்-ஹக் 1990 ஏப்ரலிலும், மதத் தலைவர் மிர்வாயிஸ் மௌல்வி ஃபரூக் அதே ஆண்டு மே மாதத்திலும் கொல்லப்பட்டவர்கள்தானே. பழியெல்லாம் ஒரு பல்கலைக்கழகப் பேராசிரியர் தலையிலும் பழைய காங்கிரஸ் தலையிலும் விழுகிறது. 1990 ஜனவரியில் ஆண்ட வி.பி. சிங் அரசை வெளியிலிருந்து தாங்கிப் பிடித்த கட்சிகளில் பாஜகவும் ஒன்று என்ற செய்தி பார்வையாளரின் மனதில் பதிவதே இல்லை. இதைச் சொல்பவர் பண்டிதர்களின் எதிரியா?

இல்லை. ஆனால் சொன்ன விதத்தைப் பார்க்க வேண்டும். படம் வந்த மூன்றாம் நாள் காங்கிரஸ் கட்சியின் கேரளப் பிரிவு நடத்திய ட்விட்டர் கணக்கு, கொல்லப்பட்ட பண்டிதர்களின் எண்ணிக்கையையும் கொல்லப்பட்ட முஸ்லிம்களின் எண்ணிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது. எதிர்ப்பு கிளம்பியது. எண்கள் சரியா தப்பா என்பது ஒருபுறம் இருக்கட்டும். இழவு வீட்டுக்குப் போய் ‘அடுத்த தெருவில் இதைவிட அதிகம் பேர் செத்தார்கள்’ என்று சொல்லும் துக்க விசாரிப்பு அது. டெல்லி சட்டமன்றத்தில் பாஜக உறுப்பினர்கள் வரிவிலக்கு கேட்டபோது அன்றைய முதல்வர் கேஜ்ரிவால், யூடியூபில் போட்டுவிடச் சொல்லுங்கள், எல்லாரும் இலவசமாகப் பார்க்கட்டும் என்றார். கேட்ட கேள்விக்கு அது நல்ல பதிலே. ஆனால் சிரித்துக்கொண்டே சொன்னார், அவருடைய உறுப்பினர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். இடம்பெயர்ந்த பண்டிதர்கள் வாழும் ஜம்முவின் ஜக்தி குடியிருப்பில் அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஒரு மூதாட்டிக்கு, சிரிப்பு பாஜகவைப் பற்றியது என்று யார் விளக்கிச் சொல்வார்கள்? தவிர, அதற்கு மூன்று மாதம் முன்புதான் கிரிக்கெட் படமான ‘83’க்கு அதே டெல்லி அரசு வரிவிலக்கு கொடுத்திருந்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

அதே ஆண்டு நவம்பர் 28இல் கோவா திரைப்பட விழாவின் நிறைவு மேடையில் நடுவர் குழுத் தலைவர், இஸ்ரேலிய இயக்குநர் நடாவ் லபிட், இது பிரச்சாரப் படம், கலைப் போட்டிப் பிரிவில் இடம்பெறத் தக்கதல்ல என்று வெளிப்படையாகச் சொன்னார். (நடுவர்களில் ஒரே இந்தியரான சுதிப்தோ சென், அது லபிட்டின் சொந்தக் கருத்து என்று விலகிக்கொண்டார், ஆறு மாதத்தில் அவர் இயக்கிய ‘தி கேரளா ஸ்டோரி’ வந்தது.) காஷ்மீரில் துயரம் நடக்கவில்லை என்று லபிட் சொல்லவே இல்லை. படத்தைப் பற்றி மட்டுமே பேசினார். பாதிக்கப்பட்டவர்கள் புண்பட்டிருந்தால் மன்னிப்பும் கேட்டுக்கொண்டார். ஆனாலும் பண்டிதர்களின் வலியைக் கொச்சைப்படுத்திவிட்டார் என்று புயல் அடித்தது. அவரைக் கண்டித்து எழுதிய இஸ்ரேலியத் தூதர் நவோர் கிலோனே அதே கடிதத்தில் வேறொன்றையும் குறிப்பிட வேண்டியிருந்தது: லபிட்டுக்குப் பதில் சொல்கிறோம் என்று கிளம்பிய இந்தியர்கள் சிலர் யூதப் படுகொலையையே சந்தேகிக்கிறார்கள், ஹிட்லரிடமிருந்து தப்பியவரின் மகனாகத் தனக்கு அது வலிக்கிறது என்று. தம் மக்கள் செத்ததை யாரும் மறுக்கக் கூடாது என்று கொதித்தவர்கள், இன்னொரு இனத்தின் சாவை மறுக்கத் தயாராக இருந்தார்கள். இறந்தவர்கள்மேல் உள்ள பாசம் இப்படி வேலை செய்யாது. பாசம் வேறு எதன்மேலோ.

இங்கே ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதைத் தாண்டிப் போகக் கூடாது. ‘நடுநிலையாளர்கள் முப்பது வருடம் எங்களை எட்டிப் பார்க்கவில்லை. கட்சிக்காரர்தான் பார்த்தார். அவர் சுயலாபத்துக்குப் பார்த்தால் என்ன, எங்கள் கதை வெளியே வந்ததே’ என்று ஒரு பண்டிதர் கேட்டால் என்ன சொல்வது? 2020 பிப்ரவரியில், தாமே காஷ்மீரியான விது வினோத் சோப்ரா ‘ஷிகாரா’ எடுத்தார். அதே வெளியேற்றத்தின் பின்னணியில் ஒரு மென்மையான காதல் கதை அது. டெல்லியில் ஒரு காட்சி முடிந்ததும் ஒரு பண்டிதப் பெண் எழுந்து நின்று, எங்கள் துயரத்தை விற்றுவிட்டாய் என்று இயக்குநர் முகத்துக்கு நேரே அழுதபடி கத்தினார். சமாதானம் பேசும் படம் நல்ல எண்ணத்தோடு எடுக்கப்பட்டதுதான். ஆனால் ஒப்புக்கொள்ளப்படாத காயத்தின்மேல் சமாதானம் பேசினால் அது காயம்பட்டவருக்கு அவமானமாகவே கேட்கும். அந்தப் பெண்ணின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. இரண்டு வருடம் கழித்து உரத்த படம் ஒன்று வந்தபோது அவரைப் போன்றவர்கள் அதைத் தழுவிக்கொண்டதில் ஆச்சரியம் இல்லை, குறை சொல்லவும் இடமில்லை.

ஆனால் தழுவிக்கொண்டவர்களுக்கு என்ன கிடைத்தது? படம் வந்து இரண்டு மாதம் ஆவதற்குள், 2022 மே 12 அன்று, புட்காம் மாவட்டத்தில் ஒரு பண்டித அரசு ஊழியர் தம் அலுவலக நாற்காலியிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். பிரதமர் பெயரிலான மறுவாழ்வுத் திட்டத்தில் பள்ளத்தாக்குக்குத் திரும்பி வேலை பார்த்தவர்களில் அவர் ஒருவர். சக ஊழியர்கள் தெருவுக்கு வந்தார்கள். எங்களை ஜம்முவுக்கு மாற்றுங்கள் என்பதே அவர்கள் கேட்டது. ஊர்வலத்தின்மேல் கண்ணீர்ப்புகைக் குண்டு விழுந்தது. மாதக்கணக்கில் போராட்டம் நீண்டபோது, வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சம்பளம் கிடையாது என்று மத்திய அரசு நியமித்த துணைநிலை ஆளுநர் அறிவித்தார். திரையில் இருந்த பண்டிதருக்காக வரியைத் தள்ளியவர்களின் ஆட்சியில்தான், தெருவில் இருந்த பண்டிதருக்குச் சம்பளம் நின்றது. ஆதரவு படத்துக்குப் போனது, மனிதர்களுக்குப் போகவில்லை.

இரண்டு பக்கமும் ஒன்றுதான் என்று தராசை நேராக நிறுத்தி எழுந்துவிடவும் முடியாது. ஒரு ரசிகர் பக்கச்சார்போடு நாலு வரி எழுதினால் நட்டம் அவருடைய ரசனைக்கு. விமர்சகர் எழுதினால் அவருடைய தொழிலுக்கு. கட்சி செய்தால் பொது வாழ்வுக்கு. அரசு செய்தால் அது வேறு சாதி. 2022இல் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. அதில் பாதி மாநிலத்தின் பங்கு. வரிவிலக்கு என்றால் எல்லாருக்கும் சேர வேண்டிய அந்தப் பணத்தை விட்டுக்கொடுத்து, இந்தச் சாவுக்கு அழுங்கள் என்று அரசு மக்களைக் கூப்பிடுகிறது. மத்தியப் பிரதேசத்தில் காஷ்மீர் ஃபைல்ஸ் பார்க்கப் போலீஸ்காரர்களுக்கு விடுப்பு கொடுக்கப்படும் என்றார்கள். அசாமில் அரசு ஊழியர்களுக்கு அரைநாள் விடுப்பு. மறுநாள் டிக்கெட்டைக் காட்ட வேண்டும். நாளை ஒரு கலவரத்தில் இரு தரப்புக்கும் நடுவே நிற்க வேண்டியவர்கள் இந்தப் போலீஸ்காரர்கள். படுகொலையைப் பற்றிய படம் எதற்கும், அது நல்ல படமோ கெட்ட படமோ, எந்த அரசும் வரிவிலக்கு கொடுக்கக் கூடாது. சலுகைகளில் எல்லாம் இது ஒன்று கட்டாயம் ஒழிய வேண்டும்.

காஷ்மீர் ஃபைல்ஸ் சரியில்லை என்று நினைப்பவர் வேறு படம் எடுத்துக்கொள்ளட்டும், யார் தடுக்கிறார்கள் என்று பிரதமர் அப்போது தம் கட்சி எம்.பி.க்களிடம் சொன்னார். கொள்கையளவில் இதைவிட நல்ல பதில் கிடையாது. 2025 மார்ச்சில் மலையாளப் படமான ‘எம்புரான்’ 2002 குஜராத் கலவரத்தைத் தொடக்கக் காட்சியாக வைத்தது. சங்கப் பரிவாரத்தின் எதிர்ப்பு கிளம்பி ஒரு வாரம் ஆவதற்குள் படத்தில் 24 இடங்களில் கத்தரி விழுந்தது, வில்லனின் பெயர் மாறியது, நாயகன் மோகன்லால் வருத்தம் தெரிவித்தார். தடுக்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இதைப் படிக்கும்போது வடக்கே நடக்கும் கூத்து என்று தோன்றலாம். 2013 ஆகஸ்டில் நாம் என்ன செய்தோம்? ஷூஜித் சர்க்காரின் ‘மெட்ராஸ் கஃபே’ ஈழப் போரையும் ராஜீவ் காந்தி கொலையையும் தழுவிய கதை. ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவோடு செத்தவர்களில் தமிழர்களும் உண்டு. முள்ளிவாய்க்கால் முடிந்து நான்கே ஆண்டு ஆன நேரம் அது. தமிழர் மனம் ரணமாக இருந்தது உண்மை. புலிகளைக் கொச்சைப்படுத்துகிறது, இந்திய அமைதிப்படை செய்ததை மூடி மறைக்கிறது என்ற குற்றச்சாட்டில் விவாதிக்கவும் நிறைய இருந்தது. ஆனால் விவாதம் நடக்கவில்லை. தமிழ் அமைப்புகள் எதிர்த்தன, திரையரங்குக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள். தணிக்கைச் சான்றிதழ் பெற்ற படம் இங்கே திரையைக் காணவில்லை. அகமதாபாத்தில் பர்ஸானியாவுக்கு நடந்தது இங்கே மெட்ராஸ் கஃபேவுக்கு நடந்தது, முறைகூட மாறவில்லை. பர்ஸானியாவுக்காகக் கட்டுரை எழுதிய தமிழர்களில் எத்தனை பேர் அன்று வாய் திறந்தார்கள்?

ஆறு மாதம் கழித்து, 2014 பிப்ரவரியில், கேலம் மக்ரே எடுத்த ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படத்துக்கு இந்தியத் தணிக்கை வாரியம் சான்றிதழ் தர மறுத்தது. ஈழப் போரின் கடைசி மாதங்களில் நடந்த கொலைகளின் ஒளிப்பதிவுகளை வைத்துச் செய்த படம் அது. நட்பு நாடான இலங்கையோடு உறவு கெட்டுவிடுமாம். தமிழ்நாடு கொதித்தது. கொதித்ததில் தப்பே இல்லை; மறுக்கப்பட்டது நம் சாவின் சாட்சியம். ஆனால் ஆறு மாதம் முன்பு இன்னொரு சாவைப் பற்றிய படத்தை நாமே மறித்திருந்ததால், அந்தக் கொதிப்புக்கு டெல்லியில் மதிப்பில்லாமல் போயிற்று. உங்களுக்குப் பிடிக்காத படத்தை நீங்கள் தடுத்தீர்கள், எங்களுக்குச் சங்கடமான படத்தை நாங்கள் தடுக்கிறோம் என்று அவர்கள் சொன்னால் நம்மிடம் பதில் இல்லை.

அடுத்து இப்படி ஒரு படம் வரும், சீக்கிரமே வரும். எந்த முகாமிலிருந்து வந்தாலும், அதைத் திரையிட விடுங்கள். இயக்குநரின் கட்சியை விசாரிப்பதற்கு முன் அதில் வரும் சாவு நடந்ததா என்று விசாரியுங்கள். நடந்திருந்தால், அதை முதல் வரியில் எழுதிவிட்டு, பிறகு படத்தை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள்.